செத்த ஆட்டுக்குப் பிரண்டைப் பத்து

புனே ரயில் நிலையத்துக்கு வெளியே என் அப்பாவின் பெயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். வெள்ளை அட்டை, கறுப்பு மை, ஆங்கில எழுத்து: புரொபசர் மாரிமுத்து. அப்பா போய்ப் பதினோரு வருஷமாகிறது. இருந்தபோதும் கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போக இரண்டு நாள் யோசித்தவர். அவருக்கு இங்கே வரவேற்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றுமா? யாரோ நம் பக்கத்து ஆள் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே நின்று, ‘சுந்தரம்’ என்று எழுதிய அட்டைக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தூறல் வேறு.

கடைசியில் அட்டைக்காரர் கடுப்பாகித் தன் போனில் ஓர் எண்ணைத் தட்டினார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம்.

“நீங்கதான் மாரிமுத்துவா? இவ்வளவு நேரம் என் பக்கத்துலயே நின்னீங்களே!” என்றார் இந்தியில்.

“அது எங்கப்பா” என்றேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “அவரும் வந்திருக்காரா?”

குற்றம் என்னுடையதுதான். நம் ஊரில் ம. சுந்தரம் என்றால் கதை முடிந்தது. அந்த ‘ம’ யார் என்று ரேஷன் கடையில்கூடக் கேட்பதில்லை. புனே கல்லூரியின் படிவம் கேட்டது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் சிவப்பாகக் கோபித்துக்கொண்டது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. தொலையட்டும் என்று அப்பா பெயரை முழுசாக அடித்தேன். அதோடு சுந்தரம் ஒழிந்தான், மாரிமுத்து பிறந்தார். முத்து என்று முடியும் பெயருக்கு வடக்கே என்ன மரியாதை என்பது அங்கே வேலை பார்த்த முத்துக்களுக்குத் தெரியும். ‘மூத்’ என்றால் அங்கே சிறுநீர்.

என்னைக் கூப்பிட்ட காரணமும் இதே லட்சணம்தான். என் துறை கான்கிரீட். முப்பது வருஷமாகக் கான்கிரீட் கட்டிகளை எந்திரத்தில் வைத்து நசுக்கி, எந்தப் பாரத்தில் விரிசல் விடுகிறது என்று எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. அந்த விரிசலுக்கு ஆங்கிலத்தில் பிராக்சர் என்று பெயர். எலும்பு முறிவுக்கும் அதே பெயர். “நீங்க பிராக்சர் நிபுணர்தானே?” என்று புனேயிலிருந்து போன் வந்தது. “ஆமாங்க” என்றேன். பிறகு கடிதம் வந்தது: எலும்பு, மூட்டு, முறிவு கூடுதல் பற்றிய மாணவர் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு வெளித் தேர்வாளர். பதறிப்போய் நான் கட்டட ஆள் என்று சொன்னேன். “பரவால்ல சார், உடையறது உடையறதுதானே” என்றார்கள். இவ்வளவு பெருந்தன்மையான பதிலுக்கு மறுப்பு சொல்ல மனம் வரவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அட்டைக்காரர்தான் ஓட்டுநர், பெயர் சந்தோஷ். கல்லூரி இருந்த ஹடப்சர் பக்கம் என்னை ஏற்றிக்கொண்டு போனார். எலும்பு ஆராய்ச்சிக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் கெட்டிக்காரர். மாதிரிகள் சாலையிலேயே தயாராகின்றன. கோவையில் மேம்பாலம் கட்டுகிறோம் பேர்வழி என்று தோண்டிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த முதுகு என்னுடையது. அதுவே ‘அம்மா’ என்றது. முகத்தை முழுக்கத் துணியால் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, பெண்கள் ஸ்கூட்டரில் எங்களை இடமும் வலமுமாக முந்திப் போனார்கள். கொள்ளைக்குப் புறப்பட்ட கூட்டமோ என்று முதலில் பயந்தேன். எல்லாரும் ஆபீஸ் போகிறவர்களாம்.

ஒரு டீ குடிக்கலாம் என்று இறங்கினால் கடை மூடியிருந்தது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை இந்த ஊர்க் கடைக்காரர்களில் பாதிப்பேர் தூங்குவார்கள். அதை வெட்கப்பட்டுக்கொண்டு செய்வதில்லை, பலகையில் எழுதி வைக்கிறார்கள். சந்தோஷ் எனக்குப் படித்துச் சொன்னார்: “மணியை அடிக்காதீர்கள். உங்களுக்கு அவசரம் என்றால் அது உங்கள் பிரச்சினை.” நம் ஊரில் ‘வாங்க அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு ஏமாற்றுவார்கள். இங்கே திட்டிவிட்டு நல்ல பொருளாகக் கொடுப்பார்களாம். எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மாலையில் பேராசிரியர் குல்கர்ணி விருந்தினர் விடுதிக்கு வந்தார். அந்தத் துறையின் தலைவர். ஐம்பது வயதிருக்கும், பேச்சு பூராவும் தேன். “மாரிமுத்து சார், உங்களுக்காக ஸ்பெஷலா இட்லி சொல்லியிருக்கேன்” என்றார். “சுந்தரமுங்க” என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயமுத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஒருவன் இட்லிதான் தின்ன வேண்டுமா? நான் மனதில் மிசல் பாவ் என்ற இந்த ஊர்ப் பலகாரத்தை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். முளைகட்டிய பயறும் காரக் குழம்பும் மேலே மிக்சருமாக ஒரு தட்டு. வந்தது இட்லி. சாம்பாரில் வெல்லம். பாயசத்தில் கத்திரிக்காய் விழுந்துவிட்டது போலிருந்தது. “நம்ம வீட்டு ருசி, இல்லையா?” என்றார். தலையாட்டினேன்.

“எங்க முதல் ப்ராஜெக்டே தேசியப் போட்டிக்குப் போகுது. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி” என்று ஆரம்பித்தார். முறிந்த எலும்புக்கு டாக்டர்கள் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள் அல்லவா, அந்தப் பிளேட்டுக்கு அடியில் ஒரு மூலிகைச் சாந்தைப் பூசுகிறார்களாம். எலும்பின் பலம் எங்கேயோ உயரத்துக்குப் போகிறதாம். மூலிகையின் பெயர் ஹாட்ஜோட், அதாவது எலும்பு ஒட்டி. போனில் படத்தைக் காட்டினார். நாலு பட்டையாக, கணுக் கணுவாக, நம் பிரண்டை.

“இதுல நாங்க துவையல் அரைப்போமுங்க” என்றேன்.

அவர் சட்டென்று குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ‘தென்னிந்தியாவில் பாரம்பரியச் சான்று உள்ளது – வெளித் தேர்வாளர்’ என்றிருந்தது. துவையல் அதற்குள் சான்றாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலையும் இட்லி. அதன் பிறகு ஆய்வுக்கூடம். ஒவ்வொரு மேசையிலும் மூன்று மாணவர்கள், ஒரு கணினி, ஓர் எலும்பு. முழங்காலில் கட்டிக்கொண்டால் மடக்கும்போது பச்சை விளக்கு எரியும் பட்டை ஒன்று இருந்தது. மடக்குவது மடக்குகிறவனுக்கே தெரியாதா என்று கேட்டேன். “டேட்டா சார்” என்றார்கள் மரியாதையாக. நடந்தால் ‘நீங்கள் நடக்கிறீர்கள்’ என்று போனுக்குச் செய்தி அனுப்பும் செருப்பு ஒன்று. மாற்றி மாற்றிக் கிண்டல் செய்கிறேனே தவிர, ஒரு பையன் செய்திருந்த பிளாஸ்டிக் தொடை எலும்பு நிஜமாகவே அழகு. அவன் என்னை “மாரிமூத்து சர்” என்று கூப்பிட்டபோது பின்னால் இருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

பிரண்டை மேசையில் மூன்று பேர். நடுவில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அங்கிள், தமிழா?” என்றாள். பெயர் அபர்ணா. அப்பா ஆரணிப் பக்கத்துக்காரர், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டார். இவள் பிறந்ததே இங்கேதான்.

“உன் ப்ராஜெக்ட் எதைப் பத்தி, கண்ணு?”

“எலும்புக்கூடு பத்தி, அங்கிள்.”

“எலும்புக்கூடா?”

“ஹான்... எலும்பு உடைஞ்சா அப்பறம் கூடும்ல? அந்த எலும்பு கூடு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ், எங்கே சேர்ப்பது எங்கே பிரிப்பது என்று தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். செய்த வேலையைச் சொன்னபோது அவளிடம் தடுமாற்றமே இல்லை. ஆட்டுத் தொடை எலும்புகளை மட்டன் கடையில் முழுசாக வாங்க வேண்டும். கடைக்காரர் கை பழக்கதோஷத்தில் டொக்கென்று இரண்டாகப் போட்டுவிடும். முதல் மூன்று எலும்பு அப்படியே போயிற்றாம். பிறகு இவள் எலும்பைத் தராசில் இருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடப் பழகிவிட்டாள். கொண்டுவந்த எலும்பை நடுவில் ரம்பத்தால் அறுத்து, பிளேட் வைத்து, பாதிக்குப் பிரண்டைச் சாந்து பூசி, பாதியைச் சும்மா விட்டு, எந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். திரையில் இரண்டு கோடுகள். பிரண்டைக் கோடு மேலே, சாதாக் கோடு கீழே. குல்கர்ணி அந்த மேல் கோட்டைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலத் தடவிக் காட்டினார்.

“இது கடையில வாங்கின ஆடுதானுங்களே?” என்றேன்.

“ஆமா சார், ஃப்ரெஷ்.”

“செத்துப்போன ஆடு.”

“ஆமா...”

“செத்த எலும்பு எப்படீங்க கூடும்?”

பிரண்டை உயிருள்ள உடம்பில் என்ன செய்யும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் மட்டன் கடையில் உயிரை விட்ட ஆட்டுக்குப் பத்துப் போட்டு, அது தேறி வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் தைரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குல்கர்ணி அசரவில்லை. “ஆடு முக்கியம் இல்ல சார், ட்ரெண்ட் முக்கியம்” என்றார்.

ஆனாலும் அந்தக் கோடு மேலே இருக்கிறதே, ஏன்? அது என்னை விடவில்லை. நான் அபர்ணாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் கேண்டீனில் அவளாகவே என் எதிரே வந்து உட்கார்ந்தாள். “அங்கிள், பிரண்டை ஒண்ணும் பண்ணல. அவன்தான் பண்ணான்.”

“எவன்?” குல்கர்ணியைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

“அவன் அங்கிள், அவன்! ஹீட் பண்றது. பேக்கரில இருக்கும்ல?”

பிறகுதான் விளங்கியது. சாந்து காய வேண்டும் என்பதற்காகப் பிரண்டை எலும்புகளை ராத்திரி முழுக்க அவனில் வைத்திருக்கிறார்கள். சாதா எலும்புகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கான்கிரீட்டிலும் இதே கூத்துத்தான். ஊறிய கட்டியைவிடக் காய்ந்த கட்டி அதிகப் பாரம் தாங்கும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே ஈரத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லி முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். என்னை அழைத்ததில் இவர்கள் செய்த தப்பு, தப்பே இல்லாமல் போயிற்று.

“நான் சாதா எலும்பையும் அவன்ல வெச்சுப் பார்த்தேன் அங்கிள். அதுவும் மேல போச்சு. ரெண்டு லைனும் ஒண்ணு. அது ஸ்லைடு நம்பர் பதினாலு. சார் எடுத்துட சொல்லிட்டார். போட்டா ப்ராஜெக்ட்ல என் பேரே இருக்காதாம்.”

மேல்படிப்புக்கு அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. இந்தத் திட்டத்தில் தேறினால்தான் அந்த இடம். பாதி மதிப்பெண் குல்கர்ணி கையில், பாதி என் கையில். கண்கலங்கவில்லை, கெஞ்சவில்லை. தன் தட்டிலிருந்த மிசலை என் பக்கம் நகர்த்தினாள். “இட்லி வேணாம் அங்கிள். இத சாப்புடுங்க.” காரம் மூக்கைப் பிடுங்கியது. வந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த முதல் மனிதச் சாப்பாடு. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

அன்று மாலை ஊர் பார்க்கப் போகிறேன் என்று நகரப் பேருந்தில் ஏறினேன். ஒரு மேட்டில் அது மூச்சை விட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நடத்துநர் மட்டும் இறங்காமல், இன்னும் வேகமாகத் தள்ளும்படி மராட்டியில் எங்களைத் திட்டினார். “டிக்கெட் எடுத்துட்டுத் தள்றோம்ல, கொஞ்சம் மரியாதையா திட்டுய்யா” என்றார் பக்கத்தில் தள்ளிய பெரியவர். பேருந்தைத் தள்ளிக்கொண்டே அப்பாவை நினைத்தேன்.

அப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எட்டாம் வகுப்பில் நீளத்தாண்டலில் நான் தாண்டியதை யாரும் தாண்டவில்லை. பள்ளிக்கூடமே கைதட்டியது. அப்பா மட்டும் குனிந்து, தாண்டும் பலகையைப் பார்த்தார். என் கால் பெருவிரல் பாதி அதற்கு அப்பால் பதிந்திருந்தது. விசிலை ஊதினார். “பவுல்” என்றார், தாண்டியது செல்லாது என்று. அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் ஒரு மாசம் பேசவில்லை. இன்னும்கூட அந்தக் கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்த அரை விரலை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இல்லையென்று என்னாலும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் வாய்மொழித் தேர்வு. மேசையில் எனக்கென்று ஒரு சால்வை, பிள்ளையார் சிலை, பாகர்வடி என்ற இந்த ஊர்க் காரப் பலகாரப் பொட்டலம். எல்லாம் முன்கூட்டியே கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். பிரண்டைக் கோஷ்டி வந்தது. மற்ற இருவரும் மடமடவென்று ஒப்பித்தார்கள். பதின்மூன்றாவது படத்துக்குப் பிறகு ‘நன்றி’ வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதை ஆங்கிலத்திலேயே, பொதுவாகக் கேட்டேன். “பூசாத எலும்பையும் அவனில் உலர்த்திப் பார்த்தீர்களா?”

இல்லை என்றால் அவள் தப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கதவை மூட எனக்கு உரிமையில்லை. பையன்கள் இருவரும் குல்கர்ணியைப் பார்த்தார்கள். குல்கர்ணி அபர்ணாவைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்குப் பதில் நான் அந்தச் சாம்பாரையே ஒரு வாளி குடித்துவிடுவேன், அவ்வளவு பயங்கரம்.

“பார்த்தோம் சார்” என்றாள். தன் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள். பதினாலாவது படம் வந்தது. இரண்டு கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “கூடல அங்கிள். ஒண்ணுமே கூடல.”

மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன். அபர்ணாவுக்கு என் பாதியில் முழு மதிப்பெண். குறிப்பில் எழுதினேன்: பலம் கூடியதற்குக் காரணம் உலர்த்தியது, மூலிகை அல்ல. அதைச் சோதித்துக் கண்டவர் அபர்ணா. போட்டிக்குப் பரிந்துரைக்கவில்லை. கீழே ம. சுந்தரம் என்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

குல்கர்ணி நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. தேன் கொஞ்சமும் குறையவில்லை. “மாரிமுத்து சார், ஒரு சின்னச் சிக்கல். இங்க அச்சாகியிருக்கிறது புரொபசர் மாரிமுத்து. நீங்க சுந்தரம்னு போட்டிருக்கீங்க. சுந்தரம்னு எங்க பட்டியல்ல யாரும் இல்லையே. இந்தத் தாள் செல்லாது. நீங்க சிரமப்பட வேணாம், நாங்க வேற தேர்வாளரை வெச்சுக்கறோம்.”

அப்படியா சேதி! மூன்று நாளாக நான் சுந்தரம், சுந்தரம் என்று தொண்டை கிழியச் சொன்னபோது காதில் விழாத பெயர், இப்போது மட்டும் விழுந்துவிட்டது. அபர்ணாவின் முகம் வெளிறிப்போனது.

“இன்னொரு தாள் குடுங்க” என்றேன்.

அதே மதிப்பெண், அதே குறிப்பு, ஓர் எழுத்து மாறாமல். பிறகு கீழே வந்தேன். என் வகுப்பில் ராங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடாத ஒரே பையன் நான்தான். அப்பா அதே பள்ளிக்கூடத்தில் இருந்தால் எங்கே போடுவது? ஆனால் அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம். ‘து’வின் வாலை நீட்டி, பெயர் முழுக்கக் கீழே ஒரு கோடாக இழுப்பார், மணலில் கயிறு பிடித்த மாதிரி. அப்படியே இழுத்தேன். மாரிமுத்து. தமிழில்.

குல்கர்ணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. “உங்க பாதியில அவளைத் தேறாம போட்டீங்கன்னா காரணம் எழுதணும். காரணம்னா அந்தப் பதினாலாவது ஸ்லைடத்தான் எழுதணும்” என்றேன். அவர் எழுதவில்லை. தேறும் மதிப்பெண்ணை மட்டும், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லாமல், போட்டார். சால்வையைப் போர்த்தவில்லை. பிள்ளையாரையும் யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பாகர்வடியை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன்.

வாசலில் சந்தோஷ் வண்டியோடு நின்றார். கையில் அதே பழைய அட்டை, பழக்கதோஷம். அபர்ணா பின்னாலேயே ஓடிவந்தாள்.

“தேங்க்யூ அங்கிள்” என்றாள் மூச்சு வாங்க. “நீங்க மொதல்ல சுந்தரம்னு போட்டீங்க, அப்பறம் மாரிமுத்துன்னு போட்டீங்க. பவுல் இல்லியே? உங்க பேரு எது?”

பவுல் என்ற சொல் அவள் வாயில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கால்பந்து பார்க்கிற பெண்ணாக இருக்கும். அட்டையைச் சந்தோஷ் கையிலிருந்து வாங்கி, வண்டியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டேன்.

“மாரிமுத்துதான் கண்ணு” என்றேன்.